ஒரு மருந்துத் துண்டும் பனடோல் ஐயாவும்

இந்த முறை யாழ்ப்பாணத்தில் கோயில், கலியாணவீடு எல்லாம் வழக்கம்போலத்தான். என்னை எழுத வைத்தது ஆஸ்பத்திரி வீதியில் ஒரு பாமசி.

என் மகனுக்குப் பத்து வயது. சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்ற பிறவி வருத்தம். நெஞ்சில் சளி பசைபோல இறுகும், கணையநீர் குடலுக்கு ஒழுங்காகப் போகாது. ரொறன்ரோவில் கிளினிக்குக்குப் போனால் டொக்டரோடு மருந்தாளரும் இருப்பார். கொழுப்புச் சாப்பாட்டுக்கு எத்தனை சமிபாட்டு என்சைம் கப்சூல், எந்த மருந்தோடு எது ஒத்துவராது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. ஊரில் நான்தான் எல்லாம்.

வந்த மூன்றாம் நாள் இருமல். தனியார் கிளினிக் டொக்டரிடம் வருத்தத்தின் பெயரைச் சொல்லி முடிக்கவில்லை, "ஓம், ஓம்" என்று துண்டை எழுதி மணியை அடித்துவிட்டார். கிளாரித்ரோமைசின், ஒரு அன்டிபயோடிக்.

பாமசியில் வரிசை கிடையாது, தெரியும்தானே. தோளுக்கு மேலால் துண்டை நீட்டினேன். முன்பென்றால் குளிசையைக் கடுதாசி உறையில் போட்டு, பேனையால் மூன்று கோடு இழுத்துத் தந்து அனுப்புவார்கள். இந்த முறை கவுண்டரில் நின்ற பிள்ளை உறையை எடுக்கவே இல்லை.

"அக்கா, தம்பி வேற என்ன குளிசை எடுக்கிறவர்?"

ட்ரிகாஃப்டா என்றேன், இந்த வருத்தத்துக்கு அவன் எடுக்கிற குளிசை. போனில் தேடிப் பார்த்தாள். "டொக்டர் எழுதினது ட்ரிகாஃப்டாவை ஈரல் உடைக்கவிடாது, இரத்தத்தில கூடிப்போகும். டொக்டரோட கதைக்கிறன்." டொக்டரைப் பிடிக்க இருபது நிமிஷம். பின்னால் ஒரு ஐயா, "பிள்ளை, என்ர பனடோலைத் தந்துபோட்டுக் கதையன்" என்று கத்திக்கொண்டே நின்றார். கடைசியில் மருந்து மாறியது.

ரொறன்ரோவில் என்றால் தனி அறைக்குள் கூப்பிட்டுத்தான் இதெல்லாம் கேட்பார்கள். இங்கே என் பிள்ளையின் வருத்தம் பத்துப் பேருக்குத் தெரிந்துபோனது. அது எரிச்சல்தான். ஆனாலும் அவள் விடவில்லை: "வெயிலுக்கு வேர்வையில உப்பு நிறையப் போகும் இவருக்கு. இளநீரை மட்டும் நம்பாதேங்கோ, அதில சோடியம் குறைவு. ஜீவனி உப்புக்கரைசல் பக்கெட் வாங்குங்கோ. கப்சூலை வெக்கையான வானுக்குள்ள விடவேண்டாம்." கப்சூல் விஷயம் எனக்குத் தெரியும். இளநீர்தான் ஊர் மருந்து என்று மூன்று நாளாக வெட்டி வெட்டிக் கொடுத்தது நான்தான்.

பனடோல் ஐயா போகும்போது கற்பூரவள்ளிச் சாற்றைத் தேனில் கொடுக்கச் சொன்னார். நான் திரும்பி அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். அதற்கும் போனை எடுத்துவிட்டாள்.