டேவ் டட்லியின் ‘சிக்ஸ் டேஸ் ஆன் தி ரோட்’: எந்த இசைத்தட்டை வாங்குவது?

அமெரிக்க லாரிப் பாட்டுகளைக் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு எல்லோரும் முதலில் கைகாட்டுவது, ஆறு நாள் லாரி ஓட்டிவிட்டு வீடு திரும்பும் டிரைவர் பாடுவதாக அமைந்த இந்தப் பாட்டைத்தான். அதில் தப்பில்லை. எந்தப் பதிவை வாங்குவது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை; காசு வீணாவது அங்கேதான். 1963-இல் கோல்டன் விங் என்ற சின்னக் கம்பெனியின் முத்திரையோடு வந்த, நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் (45 ஆர்பிஎம்) தட்டு ஒன்று. மினியாபொலிஸின் கே பேங்க் ஸ்டூடியோவில் பதிவானது. பின்னாளில் டட்லியே திரும்பப் பாடிக் கொடுத்தவை இன்னொரு வகை. மலிவுத் தொகுப்புகளில் இந்த இரண்டாம் வகைதான் அடிக்கடி மாட்டும்.

பத்து விநாடி கேட்டாலே வித்தியாசம் பிடிபடும். முதல் பதிவில் ஜிம்மி கோல்வார்ட் தடித்த கம்பிகளில் வாசிக்கும் கிடார் குரலோடு தோள் உரசி நிற்கிறது; பாரம் ஏற்றிய வண்டி கியர் பிடிக்கிற மாதிரி ஒரு உறுமல். மறுபதிவுகளில் சத்தம் சுத்தம், ஆனால் முரடு போய்விட்டது. அந்த முரடு இல்லையென்றால் இது வெறும் ஊர் திரும்புகிறவனின் பாட்டு.

எழுதியவர்கள் ஏர்ல் கிரீன், கார்ல் மான்ட்கோமரி. இருவரும் அலபாமாவில் லாரி ஓட்டியவர்கள். அது வரிக்கு வரி தெரிகிறது. பாட்டில் வருகிறவன் முந்திப்போகும் ‘ஜிம்மி’ ஓர் ஆள் அல்ல. ஜிஎம்சி வண்டிக்கு டிரைவர்கள் வைத்த செல்லப்பெயர். ‘வொயிட்’ என்பது கிளீவ்லாந்தில் தயாரான லாரி. ‘ஜார்ஜியா ஓவர்டிரைவ்’ என்று எந்த கியர் பெட்டியிலும் ஒன்று கிடையாது. இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு உருட்டிவிடுவதற்குத்தான் அந்தப் பெயர். வேகம் கிடைக்கும்; இன்ஜின் பிடி விட்டுப்போகும், முழு பாரமும் பிரேக்கில் விழும், பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்பு செத்துப்போகும். புகைபோக்கி கரியாகக் கக்குகிறது என்று அவன் பெருமையாகச் சொல்கிறான். மெக்கானிக் காதில் விழுந்தால் வேறு அர்த்தம்: டீசல் அதிகம், காற்று போதவில்லை.

ஓட்டிய நேரத்தைக் குறித்துவைக்கும் லாக் புத்தகமும், வழியில் லாரியை எடைபோடும் எடைப் பாலமும் வருவதால்தான் பாட்டுக்கு ஒரு பதற்றம். மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் லாரிகளை அப்போது ஐசிசி என்ற மத்திய ஆணையம் கண்காணித்தது. எட்டு மணி நேர ஓய்வு எடுத்தால்தான் அடுத்த 10 மணி நேரம் ஓட்டலாம். எல்லாவற்றையும் லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். மைல் கணக்கில் கூலி வாங்குகிற டிரைவருக்கு வண்டி நின்றால் வரும்படியும் நின்றது. அதனால்தான் நம்மாள் பாரத்தைக் கொஞ்சம் கூட ஏற்றி, புத்தகத்தை எழுதாமல் விட்டு, எடைப் பாலங்களை ஏய்த்துவிட்டு, தூக்கத்தை விரட்ட வெள்ளை மாத்திரை போட்டுக்கொண்டு போகிறான். அது ஆம்ஃபிடமின். இவ்வளவையும் ஒரு சின்னப் பாட்டில் அடக்கி, ஓரிடத்திலும் புலம்பாமல் விட்டதுதான் கெட்டிக்காரத்தனம்.

பாடிய டட்லியோ லாரிக்காரர் அல்ல. 1928-இல் விஸ்கான்சினின் ஸ்பென்சரில் பிறந்தவர்; இயற்பெயர் டேவிட் பெட்ருஸ்கா. பேஸ்பால் ஆடினார், கை அடிபட்டது. வாசா ஊர் வானொலிக்குப் போனார். 1960 டிசம்பரில் மினியாபொலிஸில் நிகழ்ச்சி முடிந்து கிடாரை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவரை ஒரு கார் மோதிவிட்டுப் போனது, தேற மாதக்கணக்கானது. அதற்கப்புறம்தான் இந்தப் பாட்டு: பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி இசைப் பட்டியலில் 2-ஆம் இடம், பொதுப் பட்டியலில் 32. அதை வைத்து மெர்க்குரி கம்பெனி அவரைக் கூட்டிக்கொண்டது.

மெர்க்குரியில் வந்த லாரிப் பாட்டுகளில் 1965-இன் ‘டிரக் டிரைவின் சன்-ஆஃப்-எ-கன்’ வாங்கத் தகுந்தது. 3-ஆம் இடம் போனது. 1970-இல் முதலிடம் தந்த ‘தி பூல் ஷார்க்’ டாம் டி. ஹால் எழுதியது, லாரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் கேட்கலாம். எழுபதுகளின் நடுவில், டிரைவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சிபி ரேடியோ மீதான மோகத்தை ஒட்டி வந்தவை முழு ரசிகருக்கு மட்டும். டட்லி 2003 டிசம்பரில் காலமானார்.

இனி தட்டு வாங்கும் விஷயம். லேபிளில் கோல்டன் விங், எண் 3020 இருக்க வேண்டும். வானொலி நிலையத்தில் ஓடிய பிரதி என்றால் எச்சரிக்கை. அறிவிப்பாளர்கள் பாட்டின் தொடக்கத்தில் ஊசியை வைத்துத் தட்டைப் பின்னோக்கிச் சுற்றித் தயாராக வைப்பார்கள். அதில் தேய்வது முதல் சில சுற்றுகள். நாம் காசு கொடுப்பதே அந்த கிடாருக்கு, அங்கேயே ‘உஸ்’ என்று இரைச்சல் வரும். காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸில் கிடந்ததென்றால் தட்டு முழுக்கத் தேய்ந்திருக்கும். பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல், விற்பவரிடம் தொடக்கத்தை ஒலிக்கவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

நடு ஓட்டை 38 மி.மீ. என்பதால் அடாப்டர் தேவை. தட்டு மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி; ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், கீறல் சத்தத்தில் ஒரு பங்கு அடங்கும். அக்கால அமெரிக்க 45-களில் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த தட்டுகளும் உண்டு. அந்த வகை விறைப்பாக இருக்கும், தேய்ந்த ஊசி பட்டால் உடனே பாழாகும். ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்கவே கூடாது. காய்ச்சி வடித்த நீரும் மெல்லிய துணியும் போதும். தபாலில் வரவழைத்தால் தட்டை உறைக்கு வெளியே வைத்துக் கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் குலுக்கலில் உறையின் ஓரம் கிழியும்.

பின்பக்கத்தில் ‘ஐ ஃபீல் எ க்ரை கமிங் ஆன்’. ஒருமுறை கேட்டால் போதும்.