நாரி நோவுக்கு முதலில் படமா, பரிசோதனையா?

திருகோணமலை உப்புவெளிக் கரையில் முப்பது வருடம் கரைவலை இழுத்தவர் எங்கள் மாமா. சென்ற வருடம் அவருக்கு நாரி, அதாவது முதுகின் கீழ்ப்பக்கம், பிடித்துக்கொண்டது. பரியாரியிடம் எண்ணெய் வாங்கிப் பூசினார். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் குளித்தார். மூன்றாம் கிழமை, யாரையும் கேட்காமல் கண்டிக்குப் போய் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துவந்தார். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் இரண்டு தேய்ந்து பிதுங்கியிருப்பதாக அறிக்கை சொன்னது. அதன்பின் அவர் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொடவில்லை. வெறும் நோவோடு போனவர் பயத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

படம் பொய் சொல்லவில்லை. இருப்பதை அப்படியே காட்டியது. நோகிறது எது என்பதை அதனால் காட்ட முடியாது. நாரி நோவே இல்லாதவர்களின் படங்களைப் பற்றிய ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்வு இருந்தது. மாமாவோடு வலை இழுப்பவர்களை வரிசையாகப் படுக்கவைத்துப் படமெடுத்தால், சிரித்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களிலும் பலருக்கு அதே அறிக்கைதான் வரும்.

பரிசோதனைக்குத் தேவை ஒரு கட்டிலும் சின்னச் சுத்தியலும் கால்மணி நேரமும். பிறகு மாமா போய்க் காட்டிய வைத்தியர், படம் இருந்த உறையைப் பிரிக்காமல் ஓரமாக வைத்தார். “ஐயா, பெருவிரலை மேலே தூக்குங்கள். நான் அமத்துவேன், விடாதீர்கள்” என்றார். அந்த விரலின் பலம் ஐந்தாம் இடுப்பு நரம்பின் கதையைச் சொல்லும். முழங்காலில் தட்டும் தட்டு நான்காவதன் கதையை. பிறகு மல்லாந்து படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலை உயர்த்தினார். 30 முதல் 70 பாகைக்குள் நோ முழங்காலுக்குக் கீழே மின்னல்போல் இறங்கினால் நரம்பு அமத்தப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். நோகாத காலை உயர்த்தும்போது நோகிற கால் வலித்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மாமாவுக்கு இரண்டும் இல்லை.

கேள்விகளும் லேசானவையல்ல. நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும் இருவரைக் கோணேசர் கோவில் ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள். நரம்புகள் போகும் முள்ளந்தண்டுக் குழாய் ஒடுங்கியவர், குனிந்து ஏறும்போது ஆறுதலாக இருந்து, இறங்கும்போதுதான் அவதிப்படுவார். காலின் இரத்தக்குழாய் அடைத்தவருக்கு ஏற்றமே எதிரி. நின்றாலே நோ குறைந்துவிடும். நாற்பது வயதுக்குள் தொடங்கி, விடியலில் அரைமணி நேரம் விறைத்து, வேலை செய்யச் செய்ய இளகும் நோ, முள்ளந்தண்டு மூட்டுகள் அழன்று வரும் அழற்சி வாதமாக இருக்கலாம். நோவில் புரண்டு புரண்டு எந்தப் பக்கமும் படுக்க முடியாதவருக்குச் சிறுநீரகக் கல்லையும் நினைக்கவேண்டும்.

பரிசோதனைக்கும் எல்லை உண்டு. நாரி நோவில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல், குறித்த காரணம் இதுதான் என்று யாராலும் விரல் வைத்துச் சொல்ல முடியாது. தசையா மூட்டா என்று அடித்துச் சொல்பவரை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். காலை உயர்த்தும் சோதனையும் டிஸ்க் பிதுங்காதவரிடம் சிலவேளை நோவைக் காட்டிவிடும்.

படம் முந்தவேண்டிய இடங்களும் இருக்கின்றன. சலம் (சிறுநீர்) போகாமல் அடைபட்டால், உட்காரும்போது படும் ஆசனப் பகுதி மரத்துப்போனால், இரண்டு கால்களும் சோர்ந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும், அங்கே எம்.ஆர்.ஐ.க்கு நிகர் இல்லை. காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, முன்பு வந்த புற்றுநோய், காசநோய், காலில் பலம் குறைந்துகொண்டே போதல் ஆகியவற்றிலும் தாமதிக்கக் கூடாது. எக்ஸ்ரே எலும்பு முறிவுக்கு உதவும். நரம்பை அது காட்டாது.

மாமாவுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. வைத்தியர் கடைசியில்தான் உறையைத் திறந்து, படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நடக்கச் சொல்லி அனுப்பினார். ஆறு கிழமையில் மாமா குடம் தூக்கினார். படம் இன்னும் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்.