மெலிந்த பூனை, ஒவ்வாத உணவு: மூன்று தீனி வழிகளின் ஒப்பீடு

கிண்ணத்தைக் கீழே வைத்ததும் சாம்பி வந்து முகர்ந்து பார்க்கும். பிறகு முன்னங்காலால் தரையை இரண்டு மூன்று முறை பிறாண்டி, மலத்தை மண் தள்ளி மூடுவதுபோல அந்த உணவையும் மூடும் பாவனை செய்துவிட்டு நடையைக் கட்டிவிடும். நான்கு வயதில் 3.6 கிலோ இருக்க வேண்டிய அந்தப் பெண் பூனை 2.6 கிலோவில் நின்றது. முதுகைத் தடவினால் முள்ளெலும்பு ஒவ்வொன்றும் விரலில் தட்டியது. காதுக்கும் கண்ணுக்கும் இடையே சொறிந்து சொறிந்து முடி உதிர்ந்திருந்தது. கழுத்தைச் சுற்றிக் கடுகளவு பொருக்குகள் இருந்தன. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வாந்தியும் உண்டு. ஒவ்வாமையை நினைத்தால் உணவைக் குறைத்து ஒன்றிரண்டு பொருள்களோடு நிறுத்த வேண்டும். எடையை நினைத்தால் எதைத் தின்றாலும் சரி என்று கொடுக்க வேண்டும். பூனையோ இரண்டுக்கும் இணங்காது.

இப்படிப்பட்ட பூனைக்கு நம் முன்னால் இருப்பவை மூன்று வழிகள்: புரதத்தை நுண்ணிய துண்டுகளாகச் சிதைத்துத் தயாரிக்கும் மருத்துவத் தீனி, பூனை இதுவரை தின்றிராத ஓர் இறைச்சியை வீட்டில் சமைத்துக் கொடுப்பது, 'குறைந்த பொருள்கள்' என்ற அடைமொழியோடு கடையில் கிடைக்கும் தீனி. பொதுவாக இவற்றைச் சேர்மானப் பட்டியலை வைத்தே ஒப்பிடுகிறார்கள். மெலிந்த பூனைக்கு அது போதாது. ஒரு நாளில் எத்தனை கிலோகலோரி உண்மையில் வயிற்றுக்குள் போனது என்பதையும் அதற்கு இணையான அளவுகோலாக வைத்தே இங்கே மூன்றையும் எடை போடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும்: மெலிவுக்குக் காரணம் உணவு ஒவ்வாமைதானா? குடற்புழு, பல் ஈறு அழற்சி, சிறுநீரக நோய், நீரிழிவு, வயதான பூனையென்றால் தைராய்டு மிகைச் சுரப்பு ஆகிய எல்லாமே பூனையை இளைக்க வைக்கும். நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் தெள்ளுப்பூச்சி ஆண்டு முழுவதும் உயிரோடு இருப்பதால், தெள்ளுக்கடி ஒவ்வாமையை முதலில் விலக்காமல் உணவின்மேல் பழி போடுவதும் தவறு. இரத்தத்தையோ உமிழ்நீரையோ முடியையோ அனுப்பி ஒவ்வாத உணவைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் சோதனைகள் நம்பத்தக்கவை அல்ல. நானும் ஒன்றுக்குப் பணம் கட்டினேன். சாம்பி வாழ்நாளில் முகர்ந்தே பார்த்திராத பொருள்கள்கூட அந்தப் பட்டியலில் சிவப்பாக வந்தன. குறைந்தது எட்டு வாரம் ஒரே உணவைக் கொடுத்து, அறிகுறிகள் தணிந்தபின் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கும் விலக்குணவுச் சோதனை ஒன்றே ஏற்கப்பட்ட வழி.

இனிக் கணக்கு. ஓய்வில் இருக்கும் உடலுக்கு வேண்டிய ஆற்றலைக் கணிக்க, கிலோவில் உள்ள எடையின் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்குகிறார்கள். சாம்பி எட்ட வேண்டிய 3.6 கிலோவுக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 183 கிலோகலோரி. உலர் தீனியில் கிராமுக்குச் சுமார் 4 கிலோகலோரி இருப்பதால் 46 கிராம் போதும். குழம்போடு வரும் ஈரத் தீனியில் 100 கிராமுக்கு 80 என்று வைத்துக்கொண்டால் 230 கிராம் வேண்டும்; அதாவது 85 கிராம் பவுச் கிட்டத்தட்ட மூன்று. கொழுப்போடு வேக வைத்த பன்றித் தோள்கறியில் 100 கிராமுக்கு 250 கிலோகலோரிக்குக் குறையாது என்பதால் 73 கிராமிலேயே கணக்கு முடிந்துவிடும். நான்கு வாய் தின்றுவிட்டு எழுந்து போகும் பூனைக்கு இந்த வேறுபாடு சிறியது அல்ல.

முதலாவது, சிதைத்த புரதத் தீனி. நோய் எதிர்ப்பு மண்டலம் இன்னது என்று அடையாளம் காணும் அளவுக்குப் பெரிதாக இல்லாதபடி, நீராற்பகுப்பின் மூலம் புரத மூலக்கூறை வெட்டிச் சிறிதாக்குவது இதன் அடிப்படை. ஹில்ஸ் நிறுவனத்தின் இசட்/டி கோழி ஈரலைச் சிதைத்துத் தயாரிக்கப்படுகிறது. ராயல் கேனின் ஹைப்போஅலர்ஜெனிக் சோயாப் புரதத்தை எடுத்துக்கொள்கிறது. அதே நிறுவனத்தின் அனலர்ஜெனிக் இறகுப் புரதத்தை இன்னும் நுணுக்கமாகச் சிதைக்கிறது. பூனை இதுவரை என்னென்ன தின்றது என்று தெரியாவிட்டாலும் இவற்றைக் கொடுக்கலாம் என்பது பெரிய வசதி. தெருவிலிருந்து எடுத்து வந்த பூனையின் பழைய சாப்பாட்டுக் கணக்கை யார் சொல்ல முடியும்? டாரின் (பூனைக்கு உணவிலிருந்தே கிடைக்க வேண்டிய ஓர் அமினோ அமிலம்), கால்சியம், வைட்டமின்கள் எல்லாம் அளவோடு சேர்ந்திருப்பதால் ஆண்டுக்கணக்கில் இதையே கொடுத்தாலும் சத்துக்குறை வராது. கோழிக்கு மிகக் கடுமையான ஒவ்வாமை உள்ள விலங்குகளில் சில, சிதைத்த கோழிப் புரதத்துக்கும் அரிப்பைக் காட்டுவதுண்டு. அவற்றுக்கு வேறு மூலத்திலிருந்து வரும் சிதைத்த புரதமே பொருந்தும்.

இதன் குறை சுவையில் இருக்கிறது. புரதத்தை வெட்டும்போது கசப்பான துண்டுகள் உருவாகின்றன. பூனையின் நாக்கு கசப்பை நன்றாகவே உணரும். (இனிப்பை உணரும் ஏற்பி பூனைக்கு வேலை செய்வதில்லை என்பது 2005-இலேயே தெரியவந்துவிட்டது, ஆகவே பாலில் சர்க்கரை கலந்து ஆசை காட்டுவது நம் ஆறுதலுக்கு மட்டுமே.) விலையும் சாதாரணத் தீனியைப்போலப் பல மடங்கு. எங்களுக்குக் கிடைத்தது உலர் வடிவம் மட்டுமே. முதல் நாள் பழைய தீனியில் கால் பங்காகக் கலந்தேன். சாம்பி பழைய உருண்டைகளை மட்டும் பொறுக்கித் தின்று, புதியவற்றைக் கிண்ணத்தின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்கி வைத்தது. ஒன்பதாம் நாள் முழுக்க மாற்றியபோது அது தின்றது சமையலறைத் தராசில் 19 கிராம், அதாவது தேவையில் பாதிக்கும் குறைவு. எடை 2.5 கிலோவுக்கு இறங்கியது.

பசித்தால் தானே தின்னும் என்று விட்டுவிடலாமா என்றால், பூனை விஷயத்தில் கூடாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே உடற்கொழுப்பு ஈரலில் போய்த் தேங்கி ஈரல் செயலிழக்கும் ஆபத்து உண்டு. பருத்த பூனைகளுக்கு இது அதிகம் வருகிறது என்றாலும் மெலிந்தவை தப்பிவிடும் என்பதில்லை. ஒரு நாள் முழுவதும் எதையும் தொடாத பூனையை மருத்துவரிடம் கொண்டுபோவதே முறை. இதனால்தான் ஏட்டளவில் முதலிடம் பெறும் இந்தத் தீனி, வாய்க்கு எடுபடாத பூனைக்கு முதலிடம் பெறுவதில்லை.

கடையில் கிடைக்கும் குறைந்த பொருள் தீனியைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. பெயரில் முயலோ வாத்தோ இருக்கும். சேர்மானப் பட்டியலின் முதல் வரியில் கோழிமாவு இருக்கும். அமெரிக்காவில் தீனிக்கான மாதிரி விதிகளை வகுக்கும் ஆஃப்கோ அமைப்பின் விதிப்படி, 'முயலுடன்' என்ற பொருளில் பெயரிடப்பட்ட தீனியில் முயல் 3 விழுக்காடு இருந்தாலே போதும். 'முயல் சுவை' என்றால் அந்த அளவும் தேவையில்லை. பட்டியல் சுத்தமாக இருக்கும் தீனிகளிலும், அதே இயந்திரத்தில் முன்னால் ஓடிய தீனியின் புரதம் கலந்திருப்பதை ஆய்வகச் சோதனைகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. தானியம் இல்லாதது என்ற விளம்பரமும் இங்கே பயன்படாது, ஏனெனில் பூனைகளுக்குப் பெரும்பாலும் ஒவ்வாமல் போவது தானியம் அல்ல. மாட்டிறைச்சி, மீன், கோழி ஆகியவைதான். சுவையில் இவ்வகைத் தீனி முந்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சோதனைக் காலம் முடிந்து, எந்தப் புரதம் ஆகாது என்று தெரிந்தபின் தேர்ந்தெடுக்க இது நல்ல களம். கண்டுபிடிக்கும் கட்டத்தில் இதை நம்பினால் எட்டு வாரம் வீணாகலாம்.

வீட்டுச் சமையலில் முதல் கேள்வி எந்த இறைச்சி என்பது. கோழி சேராது என்று சந்தேகித்தால் காடையும் வாத்தும் கோழிக்கு நெருங்கிய பறவைகள். மாட்டிறைச்சி சந்தேகம் என்றால் ஆட்டிறைச்சியும் ஐயத்துக்குரியதே. மிஞ்சுபவை முயலும் பன்றியும். பண்ணை முயல் கேட்டு வாங்க வேண்டிய பொருள், காட்டு முயலை வேட்டையாடுவது சட்ட விரோதம். வேக வைத்த முயல்கறி 100 கிராமில் 200 கிலோகலோரியை ஒட்டித்தான் ஆற்றல் இருக்கிறது. எடை கூட்ட வேண்டிய பூனைக்குக் கொழுப்புள்ள பன்றிக்கறியே மேல் என்பது என் முடிவு. ஆனால் ஒரே நாளில் முழுக் கொழுப்போடு கொடுத்தால் வயிற்றுப்போக்குத்தான் மிஞ்சும். பச்சைப் பன்றிக்கறி வழியாகப் பூனையைக் கொல்லும் ஆஜெஸ்கி நோய்க் கிருமி தொற்றக்கூடும் என்பதால் முழுவதும் வேக வைத்தே தர வேண்டும். வெங்காயம், பூண்டு வாடைகூடக் கூடாது. இரண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. தாளித்த குழம்பிலிருந்து கறியைக் கழுவிப் போடும் வழக்கமுள்ள வீடுகளில் இதை அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

சாம்பி இதைத் தின்றதா? உடற்சூடான 38 பாகையை ஒட்டி வெதுவெதுப்பாக்கி, வெந்த நீரிலேயே இரண்டு கரண்டி ஊற்றி வைத்தபோது, தரையைப் பிறாண்டாமல் நேராகக் கிண்ணத்தில் முகம் வைத்தது. முதல் வாரத்திலேயே நாளொன்றுக்கு 60 கிராமைத் தாண்டியது.

ஆனால் வெறும் கறி உணவாகாது என்பதுதான் இந்த வழியின் மிகப் பெரிய சிக்கல். எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போல 15 மடங்குக்கும் மேல் இருக்கிறது. பூனைக்கு இரண்டும் ஏறத்தாழச் சம அளவில் வேண்டும். இந்தக் குறை நீடித்தால் உடல் தன் எலும்பையே கரைத்துக் கால்சியம் எடுக்கும். டாரினைப் பூனையால் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது குறைந்தால் கண்பார்வை கெடும், இதயத் தசை விரிந்து தளரும். இந்த இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987-இல் நிறுவப்பட்ட பின்னரே தீனி நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின. வேக வைக்கும் நீரில் டாரின் கரைந்துவிடுவதால் அந்த நீரைக் கொட்டுவது சத்தைக் கொட்டுவதாகும். கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ தயாரிக்கவும் பூனை உடலுக்குத் தெரியாது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், புத்தகங்களிலும் இணையத்திலும் திரட்டிய நூற்றுக்கு மேற்பட்ட பூனை உணவுக் குறிப்புகளை அலசியபோது, எல்லாச் சத்தும் நிறைந்த குறிப்பு ஒன்றுகூடத் தேறவில்லை. அவற்றில் கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் இருந்தன. ஆகவே கால்சியம் கார்பனேட்டும் டாரினும் வைட்டமின் கலவையும் எவ்வளவு என்பதைக் கால்நடை ஊட்டச்சத்து வல்லுநர் ஒருவரிடம் கணக்கிட்டு வாங்கினோம். எட்டு வாரத்துக்கு இது சரி. ஆயுள் முழுவதும் என்றால், தராசும் பொடிகளும் தவறாமல் கைகூடும் வீட்டுக்குத்தான் இது பொருந்தும்.

எந்த வழியை எடுத்தாலும் சோதனையைக் கெடுக்கும் ஓட்டைகள் ஒன்றே. மாட்டிறைச்சிச் சுவை சேர்த்த குடற்புழு மாத்திரை ஒன்று போதும்; தோலில் விடும் சொட்டு மருந்து இருக்கும்போது அதைத் தவிர்க்கலாம். கசப்பு மருந்தை இருக்கும் ஒரே உணவுக்குள் ஒளித்து வைத்தால், பூனை அந்த உணவையே வெறுத்துவிடும். பிறகு மாற்று கிடையாது. எங்கள் மூன்றாம் வாரத்தில் அடங்கியிருந்த அரிப்பு திடீரென்று திரும்பியதற்குக் காரணம், பக்கத்து வீட்டு அம்மா மதில்மேல் தினமும் வைத்த இரண்டு நெத்திலிக் கருவாடு. 'பாவம், எலும்பும் தோலுமா இருக்கேன்னுதான் வெச்சேன்' என்றார். வாரக் கணக்கை முதலிலிருந்து தொடங்கினோம்.

பசியைத் தூண்டும் மருந்து உண்டு. பூனையின் காது மடலில் தடவும் மிர்டசபின் களிம்பை அமெரிக்காவில் 2018-இல் பூனைகளின் எடை இழப்புக்கென்றே அனுமதித்தார்கள். மனிதருக்கான மாத்திரையைக் கண்ணளவில் உடைத்துக் கொடுப்பது ஆபத்து. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு ஊசி போட்டால் பசியும் வரும், அரிப்பும் அடங்கும். ஆனால் அடங்கியது உணவாலா ஊசியாலா என்று பல வாரங்களுக்குப் பிரித்தறிய முடியாது.

ஆக, என் வரிசை இது. சிதைத்த புரதத் தீனியைத்தான் முதலில் முயல வேண்டும். அதைப் பத்து நாள் கலந்து மாற்றும்போது தேவையில் முக்கால் பங்காவது தின்றால் அதிலேயே இருந்துவிடலாம், வேறு எதுவும் அவ்வளவு தொல்லையற்றது அல்ல. எடை சரியத் தொடங்கினால் பிடிவாதம் பிடிக்காமல் கணக்கிட்ட வீட்டுச் சமையலுக்கு மாற வேண்டும். கடைத் தீனி மூன்றாவதாக, சோதனை முடிந்தபின்.

எட்டு வார முடிவில் சாம்பி 3.1 கிலோ. வாந்தி இரண்டாம் வாரத்துக்குப் பின் ஒருமுறைதான்; கழுத்துப் பொருக்குகள் உதிர்ந்து சாம்பல் நிறத்தில் முடி துளிர்த்திருந்தது. ஒவ்வொரு புரதத்தையும் இரண்டு வாரம் தனித்தனியாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்தோம். நான் சந்தேகித்திருந்த கோழி எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. மீன் கொடுத்த ஆறாம் நாள் காதோரம் சிவந்து, பின்னங்காலால் சொறியத் தொடங்கியது. இப்போது அதற்குக் கிடைப்பது முழுச்சத்துக் கோழித் தீனி, உலர்ந்தது பாதி, ஈரம் பாதி. கடையில் ஒவ்வொரு பொட்டலத்தின் பின்புறத்தையும் படிக்க எனக்குக் கால் மணி நேரம் பிடிக்கிறது, ஏனெனில் கோழி என்று பெரிய எழுத்தில் போட்ட தீனிகளிலும் ஆறேழு பொருள்களுக்குப் பின்னால் பொடி எழுத்தில் மீன்மாவு இருக்கிறது.