ஸ்டெயின்லெஸ் கிரேடு இணைப் பட்டியல்: 304-ஐ நம்பலாம், 316எல்-ஐ எண் பார்த்து வாங்குங்கள்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலையில் இருக்கும் எல்லோரிடமும், ஒரு நாட்டின் கிரேடுக்கு (உருக்கு வகைக்கு) இன்னொரு நாட்டில் எது இணை என்று காட்டும் பட்டியல் ஒன்று இருக்கும். ஒரு பத்தியில் அமெரிக்க எண், அடுத்ததில் ஐரோப்பிய எண், அப்புறம் ஜப்பான், ஓரத்தில் சீனாவும் ரஷ்யாவும். 304 என்றால் 1.4301, அதுவே ஜப்பானில் எஸ்யூஎஸ்304. எல்லாம் ஒரே வரியில் இருப்பதால் எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கும் தாவலாம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு தரமும் (ஸ்டாண்டர்டு) ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கென்று ஒரு கீழ் எல்லை, மேல் எல்லை போட்டு வைத்திருக்கிறது. அந்த வரம்புகள் ஒன்றின் மேல் ஒன்று விழும் பகுதி மட்டும்தான் உண்மையில் இணை. சில கிரேடுகளில் அந்தப் பகுதி பரந்து கிடக்கிறது, சிலவற்றில் ஓர் ஓரம் மட்டும்தான் ஒட்டுகிறது. அதோடு இணைக்குத் திசையும் உண்டு. ஒரு தரத்தில் தேறிய பிளேட் இன்னொன்றிலும் தேறும், ஆனால் அதையே திருப்பிப் போட்டால் தேறாமல் போகலாம்.

முதலில் பெயர் வைக்கும் முறைகள். டிராயிங்கில் இன்னமும் 'ஏஐஎஸ்ஐ 304' என்று எழுதுகிறார்கள், ஆனால் ஏஐஎஸ்ஐ என்ற அந்த அமெரிக்க உருக்குத் துறை அமைப்பு கிரேடு தரங்களை வெளியிடுவதை எப்போதோ விட்டுவிட்டது. எண் மட்டும் புழக்கத்தில் தங்கிவிட்டது. இப்போது விதிமுறை இருப்பது ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்க அமைப்பின் தரங்களில், ஷீட், பிளேட்டுக்கு என்றால் ஏ240. எஸ்30400 மாதிரி வரும் யுஎன்எஸ் எண் (உலோகங்களுக்கான அமெரிக்கப் பொது எண் முறை) வேதிக் கலவைக்கான அடையாளம், அவ்வளவுதான். வலிமை எவ்வளவு இருக்க வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்று அது எதுவும் சொல்லாது. ஐரோப்பிய எண்ணில் எனக்குப் பிடித்த விஷயம், எண்ணே கொஞ்சம் பேசும்: 1.43 என்று தொடங்கினால் நிக்கல் உண்டு மாலிப்டினம் இல்லை, 1.44 என்றால் மாலிப்டினமும் உண்டு, 1.45 என்றால் டைட்டானியம், நியோபியம், செம்பு மாதிரி ஏதோ ஒன்று கூடுதலாக இருக்கிறது. ஜப்பானிய முறைதான் ஆளை ஏமாற்றும். அமெரிக்க எண்ணுக்கு முன்னால் எஸ்யூஎஸ் சேர்த்த மாதிரி இருப்பதால் இரண்டும் ஒன்றேதான் என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். எண் அங்கிருந்து வந்தது, வரம்பு அவர்களுடையது.

சரி, 304. ஏ240-யும் ஐரோப்பிய 1.4301-உம் குரோமியத்துக்கு 17.5 முதல் 19.5% வரை, நிக்கலுக்கு 8 முதல் 10.5% வரை கேட்கின்றன, கார்பன் 0.07%-க்குள். எஸ்யூஎஸ்304 குரோமியத்தை 18-லிருந்து 20 வரை வைக்கிறது, கார்பனை 0.08 வரை விடுகிறது. நிக்கல் விலை அதிகம் என்பதால் உருக்கு மில்கள் குரோமியத்தை 18-க்குச் சற்று மேலேயும், நிக்கலை 8-க்குச் சற்று மேலேயும் நிறுத்திக்கொள்ளத்தான் பார்க்கும். 18.1 குரோமியம், 8.1 நிக்கல், 0.045 கார்பன் என்று வரும் ஒரு ஹீட் (ஒரே உருக்கலில் வந்த தொகுதி) மூன்று தரத்திலும் தேறிவிடும். அதனால் சாதாரண 304-க்குப் பட்டியலை நம்பலாம், அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

குறைந்த கார்பனைக் குறிக்கும் 'எல்' சேர்ந்த உடனே நிலைமை மாறுகிறது. 304எல்-க்கு இணை என்று 1.4307, 1.4306 இரண்டையும் போடுகிறார்கள். முதலாவதில் நிக்கல் 8-லிருந்து தொடங்குகிறது, இரண்டாவதில் 10-லிருந்து. எஸ்யூஎஸ்304எல் கேட்பது குறைந்தது 9%. ஆக 8.1% நிக்கல் உள்ள 304எல் ஏஎஸ்டிஎம்மில் தேறும், 1.4307-லும் தேறும், எஸ்யூஎஸ்304எல் என்று சர்டிஃபிகேட் கேட்டால் தேறாது.

316 குடும்பத்தில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஏஎஸ்டிஎம் 316எல் ஒரே பெயரில் மாலிப்டினத்தை 2 முதல் 3% வரையும், நிக்கலை 10 முதல் 14% வரையும் விடுகிறது. ஐரோப்பாவில் இதே இடத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். 1.4404-இல் மாலிப்டினம் 2 முதல் 2.5, நிக்கல் 10 முதல் 13. 1.4432-இல் மாலிப்டினம் 2.5 முதல் 3, நிக்கல் 10.5-லிருந்து. 1.4435-இல் மாலிப்டினம் அதே 2.5 முதல் 3, ஆனால் நிக்கல் 12.5 முதல் 15, குரோமியம் 17 முதல் 19. நீங்கள் வெறுமனே 316எல் என்று ஆர்டர் போட்டால், வருவது பெரும்பாலும் 2-க்கு ஒட்டின மாலிப்டினமும் 10-க்கு ஒட்டின நிக்கலும் உள்ள, 1.4404-க்குப் பொருந்துகிற சரக்காகத்தான் இருக்கும். விற்பவர் ஏமாற்றவில்லை, நீங்கள் கேட்டதைத்தான் தந்திருக்கிறார். உப்பு நீர் மாதிரி குளோரைடு உள்ள இடத்தில் குழி அரிப்பைத் தடுப்பது மாலிப்டினம்தான் என்பதால், அந்த அரை சதவீதம் எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. குழி அரிப்பை எவ்வளவு தாங்கும் என்று கலவையை வைத்துச் சொல்லும் குழி அரிப்பு எதிர்ப்பு எண்ணைக் கணக்கிடும்போது மாலிப்டினத்தை 3.3-ஆல் பெருக்குகிறோம், அரை சதவீதம் போனால் 1.65 புள்ளி போச்சு.

1.4435-இன் கதை வேறு. நிக்கலைக் கூட்டுவதால் வெல்டிங்கில் டெல்டா ஃபெரைட் (காந்தம் ஒட்டும் ஓர் உட்கட்டமைப்பு) குறைகிறது, அதனால்தான் மருந்துத் தயாரிப்புக் கருவிகளுக்கு இதைக் கேட்கிறார்கள். இதற்கு இணை 316எல் என்று பட்டியல் சொல்வது பாதி உண்மை. 1.4404 அளவுக்கு வந்த 316எல்-ஐ இந்த இடத்தில் வைக்கவே முடியாது. தலைகீழாகவும் சிக்கல் உண்டு: 1.4435 ஹீட் ஒன்றில் குரோமியம் 18.3 என்று வந்தால், ஏஎஸ்டிஎம் 316எல்-இன் மேல் எல்லையான 18-ஐத் தாண்டிவிடும், நல்ல சரக்காக இருந்தும் காகிதத்தில் தோற்கும். எஸ்யூஎஸ்316எல் நிக்கலை 12 முதல் 15 வரை கேட்கிறது, அதனால் 10.1 நிக்கல் உள்ள அமெரிக்க 316எல் அங்கேயும் நுழையாது. ஆக, ஒரே வரியில் போட்டிருக்கும் பெயர்களில் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கும் முன் நிக்கலையும் மாலிப்டினத்தையும் பார்த்தே ஆக வேண்டும்.

1.4571-ஐயும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் ஜெர்மன் டிராயிங்குகளில் இது அடிக்கடி வரும். இதன் நேர் இணை 316டிஐ. வெல்டிங் ஓரத்தில் குரோமியம் கார்பைடு உருவாகி அரிக்காமல் இருக்க, டைட்டானியம் போட்டுக் கார்பனைக் கட்டிப் போடும் பழைய வழி இது. கார்பனையே குறைத்துவிடுவது எல் கிரேடின் வழி. கார்பனை மலிவாகக் குறைக்கும் ஏஓடி உருக்கு முறை பரவிய பிறகு டைட்டானியத்துக்கான தேவை பெருமளவு குறைந்துபோனது. அதனால் இந்த இடத்தில் 316எல்-ஐ வைக்கலாமா என்று கேட்டால், சாதாரண வெப்பநிலையில் வெல்ட் செய்து பயன்படுத்தும் வேலைக்கு வைக்கலாம் என்பேன். அதிக வெப்பத்தில் வலிமை வேண்டுமென்றால் 1.4571 கையில் இருக்கட்டும். கண்ணாடி மாதிரி பாலிஷ் வேண்டுமென்றால் மாறாக எல் கிரேடுதான், டைட்டானியச் சேர்மத் துகள்கள் பாலிஷைக் கெடுக்கும்.

கடினமாக்கிப் பயன்படுத்தும் 420-இன் நிலைமை 316-ஐவிட மோசம். அமெரிக்க 420 கார்பனுக்குக் கீழ் எல்லையாக 0.15% என்று மட்டும் சொல்கிறது. ஐரோப்பாவில் அதே இடத்தில் 1.4021 (0.16 முதல் 0.25), 1.4028 (0.26 முதல் 0.35), அதற்கு மேல் 1.4034 என்று படிப்படியாக ஏறிக்கொண்டே போகிறது. ஜப்பான் 420ஜே1, 420ஜே2 என்று இரண்டாகப் பிரிக்கிறது. ஹீட் ட்ரீட்மென்டுக்குப் பிறகு கிடைக்கும் கடினத்தன்மை கார்பனைப் பொறுத்தது, ஆகவே இங்கே வெறும் '420' என்று எழுதுவது எதையுமே எழுதாததற்குச் சமம்.

ரஷ்யப் பத்தியில், டைட்டானியம் சேர்த்த 321-க்கு நேராகப் போடப்படும், 12 என்று தொடங்கும் டைட்டானியக் கிரேடில் கார்பன் 0.12% வரை போகலாம், 321-இல் அது 0.08-க்குள். 08 என்று தொடங்கும் கிரேடுதான் நெருக்கமானது.

இரண்டு உட்கட்டமைப்புகள் கலந்த டூப்ளெக்ஸ் வகையில், இணைக்குத் திசை உண்டு என்று நான் சொன்னது பளிச்சென்று தெரியும். 2205 என்ற பெயரில் எஸ்31803, எஸ்32205 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. முதலாவது குரோமியம் 21, மாலிப்டினம் 2.5, நைட்ரஜன் 0.08 என்று தொடங்குகிறது. இரண்டாவது 22, 3.0, 0.14. கீழ் எல்லைகளை வைத்துக் கணக்குப் போட்டால் குழி அரிப்பு எதிர்ப்பு எண் முதலாவதில் 30.5 சுமார், இரண்டாவதில் 34. ஐரோப்பிய 1.4462 நைட்ரஜனை 0.10-லிருந்து தொடங்குவதால் முதலாவதின் பக்கம்தான் நிற்கிறது. எஸ்32205-ஆகத் தேறிய சரக்கு எஸ்31803-லும் தேறும், 1.4462-லும் தேறும், திரும்பி வர உத்தரவாதம் இல்லை. 2205 டூப்ளெக்ஸ் வாங்கினால் எப்போதும் எஸ்32205 என்றே எழுதுங்கள்.

கலவை பொருந்தினாலும் வலிமை பொருந்த வேண்டும் என்று இல்லை. ஏ240 304எல்-க்குக் கேட்கும் குறைந்தபட்ச ஈல்டு வலிமை (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தம்) 170 மெகாபாஸ்கல், 1.4307 ஹாட் ரோல்டு பிளேட்டுக்கு ஐரோப்பியத் தரம் கேட்பது 200. அதே 1.4307 ராடாக வந்தால் 175. அதனால் 200-ஐ வைத்து டிசைன் செய்த ஒன்றுக்கு 304எல் பிளேட் கொடுக்கும்போது, கிரேடு இணைதானே என்று விட்டுவிடாமல் சர்டிஃபிகேட்டில் உள்ள சோதனை மதிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் 200-க்கு மேலேயே இருக்கும், ஆனால் அது அந்த ஹீட்டின் நல்ல குணம், தரம் தரும் உறுதி அல்ல. போல்ட்டில் வரும் ஏ2, ஏ4 கிரேடே அல்ல, குழுக்கள்; ஏ2-70 என்றால் 304 வகையில் ஏதோ ஒன்று, இழுவிசை வலிமை குறைந்தது 700 மெகாபாஸ்கல் என்று மட்டும்தான் பொருள். வார்ப்பில் வரும் சிஎஃப்8எம்-ஐ 316 என்று கூப்பிடுவதும் அப்படித்தான், வார்ப்பில் வேண்டுமென்றே கொஞ்சம் ஃபெரைட் விடுவதால் அதில் காந்தம் லேசாக ஒட்டும்.

அப்போ எந்த எண்ணை எழுதுவது? டூப்ளெக்ஸைத் தவிர்த்து ஒரே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ஐரோப்பிய எண்ணைத்தான் எடுப்பேன், 316 குடும்பத்தை அது பிரித்துக் காட்டும் விதத்துக்காக மட்டுமே. அமெரிக்க எண்தான் வேண்டும் என்றால் கூடவே தர எண்ணையும் தேவையான எல்லையையும் சேர்த்து எழுதுங்கள்: 'ஏஎஸ்டிஎம் ஏ240, 316எல், மாலிப்டினம் குறைந்தது 2.5%'. வந்த சரக்குக்கு 3.1 வகைச் சர்டிஃபிகேட் (தயாரிப்பாளர் சோதனை முடிவோடு தரும் சான்று) வாங்கி, பிளேட்டில் அடித்திருக்கும் ஹீட் நம்பரோடு ஒத்துப் பார்த்து, ஒவ்வொரு தனிமத்தையும் இரண்டு தரத்தின் எல்லையோடும் வைத்துச் சரிபாருங்கள். சந்தேகம் வந்து எக்ஸ் கதிரால் தனிமங்களை அளக்கும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கியை எடுத்தால் குரோமியம், நிக்கல், மாலிப்டினம் எல்லாம் காட்டிவிடும், கார்பனையும் நைட்ரஜனையும் காட்டாது. 304-ஆ 304எல்-ஆ, டூப்ளெக்ஸில் நைட்ரஜன் எவ்வளவு என்ற கேள்விகளுக்கு ஓஇஎஸ் (தீப்பொறி ஒளியை வைத்துக் கலவையை அளப்பது) மாதிரியான சோதனைக்குத் துண்டு வெட்டி அனுப்பலாம்.