கழிவு கலந்த கரைக்கடலில் பி12: டயாட்டம் சோதனையா, நிறை நிறமாலைமானியா?

கழிவுநீராலும் உரக்கழிவாலும் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுந்த கரைக்கடலில், எந்தப் பாசி பெருகும் என்பதைச் சில வேளைகளில் வைட்டமின்களே தீர்மானிக்கின்றன. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், தீங்கு விளைவிக்கும் 27 பாசி இனங்களுள் 26 இனங்களுக்கு வைட்டமின் பி12 வெளியிலிருந்து கிடைத்தாக வேண்டும் என்று தெரிந்தது. அதை உருவாக்க வல்லவை பாக்டீரியாக்களும், அவற்றைப் போன்ற ஒற்றைசெல் நுண்ணுயிர்களான ஆர்க்கியாக்களும் மட்டுமே. இத்தகைய நீரில் பி12-ஐ அளக்க டயாட்டம் என்னும் ஒற்றைசெல் பாசியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு இனங்கண்டு அளக்கும் நிறை நிறமாலைமானி என்னும் கருவி ஆகிய இரு முறைகளையும் கையாண்டபின், நான் கருவியையே தேர்ந்தேன்.

பி12 இன்றி வளராத தலாசியோசிரா சூடோநானா என்னும் டயாட்டத்தை மாதிரி நீரில் வளர்த்து, செல்களை எண்ணிக் கணக்கிடுவது பழைய முறை. செலவு குறைவு, நாள்கள் பிடிக்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது நீரின் அழுக்குதான். செம்பு போன்ற உலோகங்களோ பிற பாசிகள் வெளியிட்ட நச்சுகளோ டயாட்டத்தின் வளர்ச்சியைத் தடுத்தால், வைட்டமின் இருந்தும் இல்லாததுபோல் தோன்றும். அறிந்த அளவு பி12 சேர்த்த குடுவையிலும் வளர்ச்சி நின்றுபோனதைக் கண்டபின், கணக்கிட எதுவும் மிஞ்சவில்லை. கருவியும் இதே அழுக்கால் ஏமாறும் என்பதை மறைக்க விரும்பவில்லை: லிட்டருக்கு ஒரு பிக்கோமோல் பி12 என்பது சுமார் 1.4 நானோகிராம் மட்டுமே என்பதால், ஒரு லிட்டர் நீரை சி18 என்னும், கரிமப் பொருள்களைப் பிடித்துவைக்கும் பொருள் நிரப்பிய குழாயில் நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் வீதம் ஏறத்தாழ 17 மணி நேரம் செலுத்திச் செறிவாக்கும்போது, கரைந்த கரிமப் பொருள்களும் உடன் செறிந்து, பி12-இன் சமிக்ஞையை அமுக்கிவிடுகின்றன. ஆனால் இந்த ஏமாற்றத்தை அளந்துவிடலாம். அதே மாதிரியின் இன்னொரு பகுதியில், செறிவாக்கும் முன்னரே அறிந்த அளவு பி12 சேர்த்து, எவ்வளவு மீள்கிறது என்று பார்த்துத் திருத்தம் செய்கிறேன். பாதிதான் மீண்டாலும் கணக்கு நிற்கிறது; வளராத டயாட்டத்துக்கு அத்தகைய திருத்தம் இல்லை. இதனால் ஒவ்வொரு இடத்துக்கும் வேலை இரட்டிக்கிறது, எனினும் அதைத் தவிர்ப்பது சரியல்ல. பி12-இன் சில வடிவங்கள் ஒளியில் விரைவாக மாறிவிடுவதால், குப்பிகள் தொடக்கம் முதல் இருளிலேயே இருக்க வேண்டும்.

பி1, பி7 ஆகிய வைட்டமின்களையும் இக்கருவியில் ஒரே ஓட்டத்தில் அளக்கலாம். ஆனால் பி7-இல் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால், என் பரிந்துரையை பி12-க்கு மட்டுமே கொள்க.

ஒரு கேள்வியில் டயாட்டமே மேல். சினெக்கோகாக்கஸ் போன்ற நீலப்பச்சைப் பாசிகள் உண்டாக்கும், பி12-ஐ ஒத்த போலி கோபாலமின் பெரும்பாலான பாசிகளுக்கு எளிதில் பயன்படுவதில்லை. நீரிலுள்ளதில் எவ்வளவு உண்மையில் உணவாகிறது என்பதை உயிருள்ள செல்தான் சொல்லும் என்பதால், அந்த வளர்ப்பை இன்னும் பேணி வருகிறேன்.