பூக்கும் முன்பே ஐரிஸை அடையாளம் காண: இலையடி நிறமா, தண்டின் நிறமா?

பெயர்ச்சீட்டு தொலைந்துபோன ஐரிஸுக்குப் பூ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இலையும் தண்டும் முன்கூட்டியே நிறையச் சொல்லிவிடும். இரண்டில் எதை அதிகம் நம்பலாம் என்பது, உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதைப் பொறுத்தது.

தாடி ஐரிஸ் (தொங்கும் இதழ்களில் தாடிபோல் மயிர்க்கற்றை உள்ள வகை) என்றால் முதலில் இலையடியைப் பாருங்கள். விசிறிபோல் விரியும் இலைகள் கிழங்கில் சேரும் இடத்தில் சில ரகங்களுக்கு ஊதாச் சாயம் ஏறியிருக்கும். மற்றவை வெறும் பச்சை. ஆந்தோசயனின் நிறமி செய்யும் வேலை இது, மரபுவழி வருவது. ரகங்களைப் பதிவு செய்யும் அமெரிக்க ஐரிஸ் சங்கத்தின் விவரிப்புகளிலேயே பல ரகங்களுக்கு இதைக் குறித்திருப்பார்கள். வசந்தத்தில் துளிர்க்கும்போது நிறம் அழுத்தமாக இருக்கும், வெயில் ஏற ஏற மங்கும். அதனால் கோடையின் கடைசியில் பச்சையாகத் தெரிந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வசந்தத்தில் ஊதா தெரிந்தாலும் அது பெயரைச் சொல்லிவிடாது, எத்தனையோ ரகங்களுக்கு அந்த நிறம் உண்டு. இரண்டு பெயர்களுக்கு நடுவே குழப்பம் வரும்போது ஒன்றைத் தள்ளிவிட உதவும், அவ்வளவுதான். ஆனால் அதுவே பெரிய உதவி.

பழைய இனங்களைப் பிரிக்கத் தண்டுப் பக்கம் போவதே நல்லது. குறிப்பாக மொட்டை மூடியிருக்கும் பாளையைக் கவனியுங்கள். ஐரிஸ் பல்லிடாவில் பூ விரியும் நேரத்துக்குள் பாளை முழுக்க உலர்ந்து, வெள்ளி நிறக் காகிதம்போல் ஆகிவிடும். ஐரிஸ் ஜெர்மானிக்காவில் அடிப்பாதி பச்சையாகவே நிற்கும், பெரும்பாலும் ஊதா படர்ந்திருக்கும். தாடி ஐரிஸ்களில் இவ்வளவு தெளிவான அடையாளம் வேறு இல்லை என்றே சொல்வேன். சைபீரிய வகையிலும் இதே வழி பலிக்கும்: சிபிரிக்காவின் பாளை பூக்கும்போதே பழுப்பாகக் காய்ந்திருக்கும், சாங்குவினியாவில் பச்சையாக இருக்கும். கலப்பு ரகங்களில் மட்டும் இந்த வேறுபாடு குழம்பிவிடும்.

பல்லிடாவின் வரியிலை ரகங்களுக்கு இந்தச் சிரமமெல்லாம் வேண்டாம். வெள்ளை வரி என்றால் அர்ஜென்டியா வேரிகேட்டா, வெண்மஞ்சள் வரி என்றால் வேரிகேட்டா.

அப்புறம் ஈரநில ஐரிஸ்கள். ஐரிஸ் வெர்சிகலர் இனத்தின் இலையடி பெரும்பாலும் ஊதா. ஜெரால்ட் டார்பி என்ற ரகத்தில் அந்த நிறம் இன்னும் மேலேறி, வசந்த இலைகளில் படர்ந்து, பூந்தண்டையே கருஊதாவாக்கிவிடும். தண்டைப் பார்த்தே சொல்லிவிடக்கூடிய அபூர்வமான ரகம் அது. மஞ்சள் பூ பூக்கும் சூடாகோரஸை வெர்சிகலரிலிருந்து பிரிக்க மட்டும் நிறத்தை நம்பாதீர்கள். இலையின் நடுவே விரலை ஓட்டுங்கள், சூடாகோரஸில் நடுநரம்பு நன்றாகப் புடைத்துத் தட்டுப்படும். வட அமெரிக்காவின் நீர்நிலைகளில் அது கட்டுக்கடங்காமல் பரவும் செடி என்பதால், அங்கே குளத்தோரம் நடுவதற்கு முன்பே இதைச் சோதித்துவிட வேண்டும்.