72 சீற் எண்டவை, 64தான் வந்தது

போன ஆவணியில மகன்ர கலியாணம். தெற்கு லண்டன் ஸ்ட்ரெத்தமில இருந்து எங்கட சனத்தை மண்டபத்துக்குக் கொண்டுபோக, ரூட்மாஸ்டர் எண்ட பழைய சிவப்பு ரெண்டு தட்டு பஸ் ஒண்டை வாடகைக்குப் பிடிச்சம். சாதாரண கோச் பஸ் எண்டா மலிவு, மனுசியும் அதைத்தான் சொன்னவ. நான் கேக்கேல்லை. 1991இல வந்து இறங்கின எனக்கு லண்டன் எண்டா 159ஆம் நம்பர் பஸ்தான். பதினாலு வருசம் அதிலதான் வேலைக்குப் போனனான். 2005 மார்கழி 9, அதில ரூட்மாஸ்டர் ஓடின கடைசி ஓட்டத்தைப் பிரிக்ஸ்டனில சனத்துக்குள்ள நெரிபட்டு நிண்டு பாத்தனான்.

வாடகைக்கு விடுற கந்தோர்க்காரர் ஃபோனில 72 சீற் எண்டவை. காலமை பஸ் தெருமுனையில திரும்பேக்கயே எனக்கு விளங்கீட்டுது. ரூட்மாஸ்டரில ஆர்எம்எல் எண்டுறது 72 சீற் உள்ள நீளமான வகை, அதுக்கு நடுவில மேலயும் கீழயும் ஒடுக்கமான யன்னல் ஒண்டு கூடுதலா இருக்கும். இதில இல்லை, வந்தது ஆர்எம் எண்ட 64 சீற் வகை. எட்டுப் பேருக்குக் கார் தேட வேண்டியதாப் போச்சு. கந்தோருக்கு எடுத்தா, "ரெண்டும் ஒண்டுதானே" எண்டினம். அவைக்கு நான் குடுக்கிறது அஞ்சுக்கு ரெண்டு புள்ளி. நீங்கள் பிடிக்கிறதெண்டா முதல்ல பஸ்ஸின்ர படத்தை அனுப்பச் சொல்லுங்கோ.

பஸ்ஸுக்கு அஞ்சும் குடுப்பன். 1954இல முதல் மாதிரியைக் காட்டி, 1968 வரைக்கும் 2,876 செய்தவை. அலுமினிய உடம்பு, பவர் ஸ்டியரிங், ஓட்டோமற்றிக் கியர், எல்லாம் அந்தக் காலத்திலேயே. முந்தி லண்டன் பஸ்ஸுகளைத் திருத்தின ஓல்டன்ஹம் பட்டறைக்கு ஓவர்ஹோலுக்குப் போனா உடம்பு வேற, அடி வேறயாக் கழட்டுவினமாம். திரும்பி வரேக்க அதே நம்பரில வேற உடம்பு வருமாம். சாரதிக் கிழவர் சொன்னார். கேட்டுக்கொண்டு நிண்ட மச்சான், "எனக்கும் ஒருக்கா அப்பிடிச் செய்தா நல்லம்" எண்டு முழங்காலைத் தடவினார்.

குறையும் இருக்கு. சீலையோட அந்த வளைஞ்ச படியில ஏறுறது பெரும்பாடு. மேல் தட்டில உயரமான ஆக்கள் குனியத்தான் வேணும். யன்னலைக் கைபிடியால சுத்தி இறக்கோணும். என்ர பக்கத்துக் கைபிடி இறுகிப்போய் அசையேல்லை, பட்டு வேட்டி வேர்வையில நனைஞ்சிட்டுது.

கீழ்த் தட்டுக் கூரையோட மணிக்கயிறு ஓடும். ஒண்டு அடிச்சா அடுத்த தரிப்பில நிப்பாட்டு, ரெண்டு அடிச்சா வெளிக்கிடு, மூண்டு எண்டா பஸ் நிறைஞ்சிட்டுது. சாரதி முன்னுக்குத் தனிக் கூட்டுக்குள்ள இருக்கிறபடியா அவருக்கு அந்த மணிதான் பாஷை. கொண்டக்டராக வந்த பெடியன் கயிறை என்னட்ட விட்டான். ரெண்டு தரம் இழுத்தன். பஸ் வெளிக்கிட்டுது.

பிரிக்ஸ்டன் கிட்ட வரேக்க அக்கான்ர பேரன் சீற்றில ஏறி நிண்டு ஒருக்கா இழுத்துப்போட்டான். கிழவர் பழக்கதோசத்தில அடுத்த தரிப்பில ஒழுங்கா நிப்பாட்டினார். யமேய்க்கா அம்மா ஒராள் பஸ் காசு கட்டுற ஒயிஸ்டர் கார்டோட ஏறி, மாலை போட்ட மாப்பிள்ளைக்குப் பக்கத்தில இருந்திட்டா. ஆரும் இறங்கச் சொல்லேல்லை. மண்டபத்தில வடை பாயாசத்தோட சாப்பிட்டிட்டுத்தான் போனவ.